நான்கு சீருடைகள், நான்கு வானங்கள்: படை விமானிகளின் திறமையை எப்படி ஒப்பிடுவது?

பெங்களூருக்குத் தெற்கே உள்ள ஆனேக்கலிலிருந்து வடக்கே நேர்க்கோட்டில் முப்பது கிலோமீட்டருக்குள் எச்.ஏ.எல். ஓடுதளம் இருக்கிறது. தென்கிழக்கே மாநில எல்லையைத் தாண்டினால், ஓசூர்ப் பக்கம் பெலகொண்டபள்ளியில் தனியார் விமானத்தளம் ஒன்று உண்டு. எலஹங்காவில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஏரோ இந்தியா கண்காட்சி நடக்கும்போது பெங்களூரின் நான்கு மூலையிலிருந்தும் குடும்பம் குடும்பமாகக் கிளம்பிப் போகிறார்கள். இப்படிப்பட்ட ஊரில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் பேசும் வீட்டுப் பிள்ளைகள் படையில் விமானியாக வேண்டும் என்று ஆசைப்படுவது இயல்பு. அந்த ஆசையோடு ஒரு கேள்வியும் சேர்ந்தே வருகிறது: விமானப்படை, கடற்படை, தரைப்படை, கடலோரக் காவல்படை என்று நான்கு இடத்திலும் விமானிகள் இருக்கிறார்களே, அவர்களில் கெட்டிக்காரர் யார்?

கேள்வி சிறுபிள்ளைத்தனமானது அன்று. எந்தப் படைக்கு எந்த விமானம், எந்தப் பயிற்சிக்கு எவ்வளவு பணம், விபத்து நடந்தால் யார் பொறுப்பு என்ற பெரிய முடிவுகளுக்கு அடியிலும் இதே கேள்விதான் கிடக்கிறது. வருத்தம் என்னவென்றால், இதற்குப் பெரும்பாலும் பெருமைப் பேச்சே பதிலாகக் கிடைக்கிறது. உண்மையான பதில் வேண்டுமானால் பயிற்சி, பணி, போர் அனுபவம், விபத்து ஆகியவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க வேண்டும்.

தொடக்கம் ஏறக்குறைய ஒன்றே

விமானப்படையின் பயிற்சி விமானிகள் ஐதராபாத் அருகே துண்டிகலில் உள்ள அகாடமியில் பிளாட்டஸ் பி.சி.-7 விமானத்தில் பறக்கத் தொடங்குகிறார்கள். 2013 முதல் அதுதான் அடிப்படைப் பயிற்சி விமானம். பிறகு பாதை மூன்றாகப் பிரிகிறது. போர் விமானத்துக்குத் தேர்வானவர்கள் பீதரில் ஹாக் விமானத்துக்கும், சரக்கு விமானத்துக்குத் தேர்வானவர்கள் எலஹங்காவுக்கும், ஹெலிகாப்டருக்குத் தேர்வானவர்கள் ஹக்கிம்பேட்டைக்கும் போகிறார்கள். கடற்படை விமானிகளும் அடிப்படைப் பறத்தலை விமானப்படையிடம் கற்றவர்களே. ஹெலிகாப்டருக்குப் போகும் கடற்படையினருக்கு அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளியில் தனிப் பள்ளி இருக்கிறது. தரைப்படைக்கு நாசிக்கில் ஒரு பள்ளி.

இவர்களுக்குக் கற்றுத்தரும் ஆசிரியர்களை உருவாக்கும் இடம் நம் தாம்பரம். விமானப் பயிற்றுநர் பள்ளி 1948இல் அம்பாலாவில் தொடங்கி 1954இல் தாம்பரத்துக்கு வந்தது. நான்கு படைகளைச் சேர்ந்தவர்களும் நட்பு நாடுகளின் விமானிகளும் அங்கே ஒரே வகுப்பில் உட்காருகிறார்கள். வகுப்பறையில் எப்படி விளக்குவது, மாணவர் தவறு செய்யும்போது எந்த நொடியில் கட்டுப்பாட்டைக் கையில் வாங்குவது, எந்த நொடிவரை பொறுத்திருப்பது என்பதே பாடம். சீருடைக்கு ஒரு முறை, படைக்கு ஒரு முறை என்று அங்கே கிடையாது.

ஆக, விமானத்தை நேராகவும் சமமாகவும் ஓட்டுவது, திருப்புவது, எந்திரம் நின்றால் இறக்குவது ஆகிய அடிப்படைத் திறமையில் படைக்குப் படை பெரிய வேறுபாடு இருக்க முடியாது. வேறுபாடு தொடங்குவது அதற்குப் பிறகுதான்.

கப்பல் தளம்: நல்ல பழக்கமே தவறாகும் இடம்

தரையில் இறங்கும் விமானி ஓடுதளத்தை நெருங்கியதும் மூக்கை மெல்ல உயர்த்துவார். கீழிறங்கும் வேகம் குறைந்து சக்கரங்கள் பதமாகத் தரையைத் தொடும். தொட்டதும் எந்திரத்தின் விசையைக் குறைத்துவிடுவார். பயிற்சிப் பள்ளியில் முதல் மாதத்திலிருந்து கையில் ஊறும் பழக்கம் இது.

விமானந்தாங்கிக் கப்பலில் இந்த இரண்டையும் செய்யக் கூடாது. ஐ.என்.எஸ். விக்ரமாதித்யாவின் தளத்தில் குறுக்கே மூன்று கம்பிவடங்கள் கட்டப்பட்டிருக்கின்றன. விமானத்தின் வாலடியில் உள்ள கொக்கி அவற்றில் ஒன்றைப் பிடிக்க வேண்டும். மூக்கை உயர்த்தினால் விமானம் மிதந்து வடங்களைத் தாண்டிவிடும். அதனால் கடற்படை விமானி ஒரே சரிவில், ஒரே வேகத்தில் வந்து தளத்தில் அறைந்தாற்போல் இறங்குகிறார். சக்கரம் தொட்ட அதே கணத்தில் விசையை முழுதாகத் திறக்கிறார். கொக்கி மாட்டினால் நூறு மீட்டர் அளவுக்குள் விமானம் நின்றுவிடும். மாட்டாவிட்டால் அந்த விசையில் மறுபடி எழும்பியாக வேண்டும். விசையைக் குறைத்திருந்தால் முன்னால் இருப்பது கடல்தான். இத்தனைக்கும் தளம் அலையோடு ஏறி இறங்கிக்கொண்டே, கப்பலோடு நகர்ந்துகொண்டே இருக்கும். தளத்தின் ஓரத்தில் நிற்கும் தரையிறக்க அதிகாரி ஒவ்வொரு இறக்கத்தையும் கண்ணால் அளந்து வானொலியில் திருத்துகிறார்.

வியட்நாம் போரின்போது அமெரிக்கக் கடற்படை விமானிகளின் இதயத் துடிப்பை அளந்த ஆய்வு 1967இல் வெளிவந்தது. எதிரியின் பீரங்கிச் சூட்டுக்கிடையே குண்டு போடும் நேரத்தைவிடக் கப்பலில் கிளம்பும்போதும் இறங்கும்போதும் துடிப்பு கூடுதலாக இருந்தது. எதிரியே இல்லாத நாளிலும் கடற்படை விமானிக்கு இந்தச் சோதனை உண்டு.

நம் நாட்டில் இந்த வித்தையை உள்நாட்டு விமானத்துக்குப் பழக்கிய வரலாறு பெங்களூரில் தொடங்கியது. கடற்படைக்கான தேஜஸ் விமானம் 27 ஏப்ரல் 2012 அன்று எச்.ஏ.எல். ஓடுதளத்திலிருந்து முதலில் எழும்பியது. ஓட்டியவர் கொமடோர் ஜெய்தீப் மாவ்லங்கர். கோவா ஐ.என்.எஸ். ஹன்சாவில், கப்பல் தளத்தைப் போலவே நிலத்தில் அமைத்த சோதனைத் தளத்தில் 2019இல் கொக்கியிறக்கம் வெற்றி பெற்றது. 11 ஜனவரி 2020 அன்று அதே மாவ்லங்கர் விக்ரமாதித்யாவில் இறக்கிக் காட்டினார். முதல் பறப்புக்கும் கப்பலில் முதல் இறக்கத்துக்கும் இடையே ஏறக்குறைய எட்டு ஆண்டுகள்.

பனிமலை: ஒரே எந்திரம், இரண்டு சீருடை

இந்தியாவில் படைகளை நேருக்கு நேர் வைத்துப் பார்க்க ஏற்ற இடம் சியாச்சின். அங்கே சீட்டா என்ற ஒரே ரக ஹெலிகாப்டரை விமானப்படையும் தரைப்படையும் ஓட்டுகின்றன. விமானப்படையின் 114ஆவது ஹெலிகாப்டர் பிரிவு அந்தப் பனியாற்றின் முன்னோடி. தரைப்படைப் பக்கம் 666ஆவது பிரிவு. காற்று அடர்த்தி குறைந்த ஆறாயிரம் மீட்டர் உயரத்தில் எந்திரத்தின் வலு பாதியளவுக்குச் சுருங்கிவிடும். எடுத்துச்செல்லும் சுமை சில பத்து கிலோவாகக் குறையும். இறங்கும் இடம் ஹெலிகாப்டரின் சறுக்குக் கட்டைகளைவிடச் சற்றே அகலம். சில இடங்களில் எந்திரத்தை நிறுத்தாமலே சாமானைத் தள்ளிவிட்டுக் கிளம்ப வேண்டும்.

இங்கே இரு படையினருக்கும் தேவைப்படும் கைத்திறன் ஒன்றுதான்: காற்றின் போக்கைப் பனித்தூள் பறப்பதைக் கொண்டே கணிப்பது, மிச்ச வலு எவ்வளவு என்பதை ஒவ்வொரு நொடியும் மனத்தில் வைத்திருப்பது, சரியில்லை என்றால் தயங்காமல் திரும்புவது. வேறுபாடு அவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதில் இருக்கிறது. தரைப்படை விமானி பெரும்பாலும் பீரங்கிப் படையிலோ காலாட்படையிலோ அதிகாரியாக இருந்து வந்தவர். பீரங்கிக் குண்டு எங்கே விழுகிறது என்று வானிலிருந்து பார்த்துச் சொன்ன கண்காணிப்புப் பிரிவுதான் 1 நவம்பர் 1986 அன்று தரைப்படை விமானப் பிரிவாக வளர்ந்தது. கீழே இருக்கும் சிப்பாய்க்கு எப்போது என்ன வேண்டும் என்பது அவருக்குப் பழகிய உலகம். விமானப்படை ஹெலிகாப்டர் விமானியோ வானிலை, வான்வழிக் கட்டுப்பாடு, நீண்ட தூரப் பயணம், பல ரக எந்திரங்கள் ஆகியவற்றில் அகலமான அனுபவம் உடையவர். ஒன்று ஆழம், மற்றது அகலம். போர்முனைக்கு இரண்டும் வேண்டும்.

கடல்மேல் நின்று மீட்பவர்கள்

கடலோரக் காவல்படை விமானிகளைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. இரவில் கடல்மேல் ஹெலிகாப்டரை அசையாமல் நிறுத்துவது எத்தனை கடினம் என்பதைத் தரையில் இருப்பவர் உணர்வது அரிது. நிலத்தில் மரமோ கட்டடமோ கண்ணுக்குப் பிடிமானமாக இருக்கும். கடலில் அலை நகர்கிறது, நுரை நகர்கிறது, படகும் நகர்கிறது. ஹெலிகாப்டர்தான் நகர்கிறது என்று மூளை ஏமாந்துவிடும். அதை மீறிக் கருவிகளை நம்பி நிறுத்த வேண்டும். கயிற்றில் தொங்கும் மீட்பு வீரரின் உயிர் அந்த நம்பிக்கையில் இருக்கிறது. 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்கள் வெள்ளத்தில் மூழ்கியபோது விமானப்படை, கடற்படை, கடலோரக் காவல்படை என மூன்றும் மீட்பில் இறங்கின. உணவுப் பொட்டலத்துக்குக் கையேந்தியவர் யாரும் எந்தச் சீருடை என்று கேட்கவில்லை.

இந்தப் படைதான் அண்மையில் பெரிய இழப்பையும் சந்தித்தது. 5 ஜனவரி 2025 அன்று போர்பந்தரில் கடலோரக் காவல்படையின் துருவ் ஹெலிகாப்டர் விழுந்து மூவர் இறந்தார்கள். நான்கு படைகளின் துருவ் ஹெலிகாப்டர்களும் தரையில் நிறுத்தப்பட்டன. சுழலிக்குக் கட்டுப்பாட்டைக் கடத்தும் ஸ்வாஷ்பிளேட் என்ற பாகம் முறிந்ததாகத் தெரியவந்தது. அந்த ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் தரைப்படை, விமானப்படை ஹெலிகாப்டர்களுக்குப் பறக்க அனுமதி கிடைத்தது. உப்புக்காற்றிலும் கப்பல் தளத்திலும் உழைக்கும் கடற்படை, கடலோரக் காவல்படை ஹெலிகாப்டர்களுக்கு அனுமதி தள்ளிப்போனது. விபத்துக் கணக்கை மட்டும் வைத்து இந்தப் படை விமானிகள் கெட்டிக்காரர்கள், அந்தப் படை விமானிகள் அப்படியில்லை என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

போரே நடத்திய ஒப்பீடு

இரண்டு படைகளின் போர் விமானிகள் ஒரே காலத்தில், ஒரே எதிரியோடு, சிலவேளை ஒரே விமானத்தில் மோதிய நிகழ்வு உலகில் அரிது. வியட்நாம் போர் அப்படி ஒன்று. அமெரிக்க விமானப்படையும் கடற்படையும் எஃப்-4 ஃபாண்டம் விமானத்தில் வடவியட்நாம் மிக் விமானங்களை எதிர்த்தன. 1968 வரை இரண்டும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தன. தம் விமானம் ஒன்று விழுந்தால் எதிரி விமானம் இரண்டு, இரண்டரை விழுந்தது. கொரியப் போரில் கிடைத்த உயர்ந்த விகிதத்தை நினைத்தால் அது அவர்களுக்குத் தலைகுனிவு.

கடற்படை, கேப்டன் ஃபிராங்க் ஆல்ட் தலைமையில் காரணம் தேடியது. மூன்றாண்டில் ஏறக்குறைய 600 ஏவுகணை ஏவி, பத்தில் ஒன்றுதான் இலக்கைத் தொட்டிருந்தது. ஏவுகணை இருக்கிறதே என்று நெருங்கிப் போரிடும் வித்தையைப் பயிற்சியிலிருந்தே விட்டுவிட்டிருந்தார்கள். 1969இல் மிராமர் தளத்தில் டாப்கன் பள்ளி தொடங்கியது. மிக் விமானத்தைப் போல் வளைந்து திரும்பும் சிறிய ஏ-4 விமானங்களை எதிரியாக வைத்து மோதவிட்டார்கள். ஒவ்வொரு மோதலுக்குப் பிறகும் எங்கே தவறினாய் என்று பதவி பார்க்காமல் அலசினார்கள். பள்ளியில் தேறியவர் தம் பிரிவுக்குத் திரும்பி மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். 1970க்குப் பிறகு கடற்படையின் விகிதம் ஏறக்குறைய ஒன்றுக்குப் பன்னிரண்டாக உயர்ந்தது. விமானப்படையின் விகிதம் பழைய இரண்டுக்கு அருகிலேயே நின்றது.

இந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளவும் கூடாது. கடைசிக் காலத்தில் வீழ்த்தப்பட்ட விமானங்களின் எண்ணிக்கை சிறியது. கடற்படைக்குக் கப்பலின் ரேடார் முன்னெச்சரிக்கை தந்தது. இரு படைகளுக்கும் ஒதுக்கிய வான்பகுதியும் வெவ்வேறு. இவற்றையெல்லாம் கழித்தாலும் ஒன்று மிஞ்சுகிறது: விமானிகளின் பிறவித் திறமை ஓராண்டில் மாறிவிடவில்லை, பயிற்சிதான் மாறியது. விமானப்படையும் அதை உணர்ந்து 1975இல் ரெட் ஃபிளாக் போர்ப்பயிற்சியைத் தொடங்கியது. முதல் பத்துப் போர்ப்பறப்பில் உயிர் பிழைப்பவர் பெரும்பாலும் பிறகும் பிழைக்கிறார் என்பதால், அந்தப் பத்தையும் பயிற்சியிலேயே பார்க்கவைப்பது அதன் நோக்கம். நம் விமானப்படை அதற்கு முன்பே, 1971இல் வான்போர் உத்திகளுக்கென ஒரு நிலையத்தை நிறுவியது. டாக்டே என்று அழைக்கப்படும் அந்த நிலையம் இன்று குவாலியரில் இயங்குகிறது.

ஜப்பான் எதிர்த்திசைப் பாடம் தருகிறது. இரண்டாம் உலகப் போருக்கு முன் ஜப்பானியக் கடற்படை கடும் வடிகட்டலில் ஆண்டுக்குச் சிலரையே விமானியாக்கியது. அவர்கள் உலகின் தலைசிறந்தவர்களில் சேர்ந்தவர்கள். ஆனால் அவர்களைப் போர்முனையிலேயே வைத்திருந்தார்கள். அவர்கள் மடிந்தபோது அந்த அறிவும் அவர்களோடு போயிற்று. அமெரிக்கர்களோ அனுபவப்பட்டவர்களைத் திரும்ப அழைத்து ஆசிரியர்களாக்கினார்கள். ஜப்பானியத் தரைப்படை விமானிகளுக்கு வேறு குறை. நிலத்தின்மேல் போரிடப் பழகிய அவர்களை 1943இல் ட்ரக் தீவிலிருந்து ரபவுலுக்குக் கடல்மேல் அனுப்பியபோது, வழிகண்டுபிடிக்க முடியாமல் எதிரியைப் பார்க்காமலே பல விமானங்களை இழந்தார்கள். சண்டையில் அவர்கள் சளைத்தவர்கள் அல்லர். கடலைக் கடக்கும் கலை அவர்களுக்குக் கற்பிக்கப்படவில்லை, அவ்வளவுதான்.

பெங்களூரின் பொது அளவுகோல்

அப்படியானால் பொதுவான அளவுகோலே கிடையாதா? உண்டு. அது பெங்களூரில் இருக்கிறது. விமான, அமைப்புகள் சோதனை நிலையம் 1973இல் கான்பூரிலிருந்து இங்கே வந்தது. அதன் அங்கமான சோதனை விமானிகள் பள்ளி, அமெரிக்காவின் எட்வர்ட்ஸ், பட்டூக்சன்ட் ரிவர், பிரிட்டனின் பாஸ்கம் டவுன், பிரான்சின் இஸ்த்ர் ஆகிய இடங்களில் உள்ள பள்ளிகளின் வரிசையில் வைத்துப் பேசப்படுவது. படை எதுவானாலும் தேர்ந்த விமானிகளும் பறப்புச் சோதனைப் பொறியாளர்களும் இங்கே ஏறக்குறைய ஓராண்டு படிக்கிறார்கள்.

இங்கே கற்பிக்கப்படும் கருவிகளில் கூப்பர்-ஹார்ப்பர் அளவுகோல் ஒன்று. 1969இல் வகுக்கப்பட்டது. ஒன்று முதல் பத்து வரை மதிப்பெண், ஒன்றுதான் சிறந்தது. சோதனை விமானி மதிப்பெண்ணை நேரடியாகப் போடுவதில்லை. விமானம் கட்டுக்குள் இருக்கிறதா? தாங்கக்கூடிய உழைப்பில் பணியை முடிக்க முடிகிறதா? திருத்தம் இல்லாமலே நிறைவாக இருக்கிறதா? இந்தக் கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் சொல்லிக்கொண்டே மதிப்பெண்ணுக்கு வர வேண்டும். இதில் நுட்பம் எங்கே என்றால், கெட்டிக்கார விமானி மோசமான விமானத்தையும் நன்றாக ஓட்டிவிடுவார். அப்படி ஓட்டுவதற்குத் தாம் எவ்வளவு கூடுதலாக உழைத்தோம் என்று அவர் தம்மையே கவனித்து எழுத வேண்டும். தம் திறமையை விமானத்தின் கணக்கில் சேர்த்துவிட்டால், நாளை சாதாரண விமானி அதில் உயிரை விடுவார். அதுவும் எந்தப் பணிக்கு என்று சொல்லாமல் மதிப்பெண் கிடையாது. ஒரே விமானம் ஓடுதளத்தில் இறங்க மூன்றும், கப்பலில் இறங்க ஏழும் வாங்கலாம்.

விமானத்துக்கு வைத்த இந்த நெறிதான் விமானியை ஒப்பிடவும் பொருந்தும். பணியைச் சொல்லாமல் திறமையைப் பேசுவது பொருளற்றது.

மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்துக்கு 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட நால்வரும், சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணன் உட்பட, விமானப்படையின் சோதனை விமானிகள். அதைக்கொண்டு மற்றப் படைகள் தாழ்ந்தவை என்று சொல்லிவிட முடியாது. அந்தத் தேர்வு விமானப்படைச் சோதனை விமானிகளுக்குள் நடந்தது. 1959இல் அமெரிக்கா தேர்ந்தெடுத்த முதல் விண்வெளி வீரர்கள் எழுவரில் விமானப்படையினர் மூவர், கடற்படையினர் மூவர், மரைன் படையினர் ஒருவர். எந்த வாசலைத் திறக்கிறோமோ அந்த வாசல் வழியாகத்தான் ஆட்கள் வருவார்கள்.

சோதனைப் பறப்புக்குப் பெங்களூர் கொடுத்த விலையும் பெரிது. 1961இல் மாருத் விமானத்தை முதலில் பறக்கவிட்ட சுரஞ்சன் தாஸ் 1970 ஜனவரியில் அதே ரக விமானத்தில் இறந்தார். அவர் பெயரில் பெங்களூரில் சாலை இருக்கிறது. 6 மார்ச் 2009 அன்று சரஸ் விமானம் பிடதி அருகே விழுந்து பிரவீண் கோட்டெகொப்பா, தீபேஷ் ஷா, இளையராஜா ஆகிய மூவர் இறந்தனர். 1 பிப்ரவரி 2019 அன்று எச்.ஏ.எல். ஓடுதளத்தில் மிராஜ் விமானம் விழுந்து சமீர் அப்ரோல், சித்தார்த்த நேகி இருவர் இறந்தனர். மற்ற விமானிகள் அச்சமின்றி ஓட்ட வேண்டும் என்பதற்காகக் குறைகளைத் தேடிப் போனவர்கள் இவர்கள்.

இனி என்ன செய்ய வேண்டும்

இதுவரை பார்த்தவற்றிலிருந்து மூன்று முடிவுகளுக்கு வரலாம். அடிப்படைக் கைத்திறனில் நான்கு படைகளும் ஏறக்குறைய ஒன்றே. ஒவ்வொரு படையும் தன் சூழல் எந்தத் தவறை மன்னிக்காதோ அந்தத் தவறைத் தவிர்க்கும் திறனை உச்சத்துக்கு வளர்த்திருக்கிறது. ஒரு படை இன்னொன்றை உண்மையாகவே முந்தியபோதெல்லாம் காரணம் பயிற்சியும் தவறை ஒளிக்காமல் பேசும் வழக்கமும்தான்.

இதைச் செயலில் காட்ட இப்போது நல்ல வாய்ப்பு வந்திருக்கிறது. 2025 மார்ச்சில் 156 பிரசண்ட் போர் ஹெலிகாப்டர்களுக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. 66 விமானப்படைக்கு, 90 தரைப்படைக்கு. பெங்களூரிலும் துமகூருவிலும் உருவாகப்போகும் இந்த ஒரே எந்திரத்தை இரு படையினரும் ஓட்டப்போகிறார்கள். போர் ஹெலிகாப்டர் யாருக்குச் சொந்தம் என்று இரு படைகளும் ஆண்டுக்கணக்கில் வாதாடியது போதும். இனி ஒரு படையின் விமானி தப்பிப் பிழைத்த ஒவ்வொரு ஆபத்தும் மறு படையின் விமானிக்கு அதே வாரத்தில் பாடமாகப் போய்ச்சேர வேண்டும். பயிற்றுநர்களை இரு பக்கமும் மாற்றி அனுப்ப வேண்டும். விபத்து விசாரணையின் முடிவுகளில் ரகசியம் காக்க வேண்டியதை நீக்கிவிட்டு, மற்றதை நான்கு படைகளின் பயிற்சிப் பள்ளிகளிலும் பாடமாக வைக்க வேண்டும். தாம்பரத்திலும் பெங்களூரிலும் ஒரே வகுப்பில் படிக்க முடிந்தவர்களுக்கு இது முடியாத காரியம் அன்று.

ஆனேக்கல் பிள்ளைகளுக்கும் சொல்ல வேண்டியது இதுதான். எந்தப் படை பெரியது என்று பார்த்துச் சேராதீர்கள். எந்தப் பணி உங்களை இழுக்கிறது என்று பாருங்கள்: ஆடும் தளமா, பனிமலையா, இருட்டுக் கடலா, எதிரியோடு மோதும் உயர்வானமா, குறையைத் தேடும் சோதனைப் பறப்பா? எதில் சேர்ந்தாலும், இன்று பறந்ததில் எங்கே தவறினேன் என்று இறங்கியதும் கேட்டுப் பதில் சொல்லத் தெரிந்தவரே நல்ல விமானி. அந்தக் கேள்வியைப் பயமில்லாமல் கேட்கவிடும் படைதான் நல்ல படை.